ஆடுகளச் சொல்லும் அவைச் சொல்லும்

சடுகுடு ஆட்டத்தில் எதிரணியார் கையில் அகப்பட்டவனைச் 'செத்தான்' என்பது தமிழ்ச் சிறுவர் வழக்கு. அவனுடைய அணியினர் எதிரணியில் ஒருவனைத் தொட்டு மீண்டால், செத்தவன் 'உயிர் பெற்று' மறுபடியும் களத்தில் இறங்குவான். லேடாங் மலையடிவாரத்துத் தங்காக்கில், மாலைப்பொழுதில் பள்ளித் திடலோரமாக நடந்து செல்லும் ஒருவர், "நான் செத்துட்டேன் சார்" என்று ஒரு சிறுவன் சிரித்துக்கொண்டே கூவுவதைக் கேட்டால் திடுக்கிடமாட்டார். களத்தில் சாவு சாவன்று, உயிர் உயிரன்று. ஆடுவோர் தமக்குள் வகுத்துக்கொண்ட குறிகள் அவை.

நன்னூலார் இத்தகைய சொற்களுக்கு இடம் வகுத்தே வைத்திருக்கிறார். தகுதி வழக்கு மூன்றனுள் இடக்கரடக்கலும் மங்கலமும் போக எஞ்சி நிற்பது குழூஉக்குறி. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதும், யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பதும் உரையாசிரியர் காட்டும் எடுத்துக்காட்டுகள். விளையாட்டுச் சொற்களிற் பெரும்பாலானவை இவ்வினத்தைச் சேர்ந்தவையே. கிரிக்கெட்டில் ஓர் ஓட்டமும் எடாமல் வெளியேறுவதை 'டக்', அதாவது வாத்து, என்கின்றனர். அதனால் ஆட்டக்காரருக்கும் இழிவில்லை, வாத்துக்கும் இழிவில்லை.

ஆயின், குழூஉக்குறிக்குள்ள காப்பு குழுவின் எல்லைக்குள் மட்டுமே செல்லும். பொற்கொல்லரின் 'பறி' நகை வாங்க வந்தவன் காதில் விழுந்தால் அவன் மடியைப் பிடித்துக்கொள்ள மாட்டானா? இன்றைய விளையாட்டு ஊர்த் திடலோடு முடிவதன்று. தொலைக்காட்சியும் கைப்பேசியும் அதனை உலகத்தார் முற்றத்திற்குக் கொண்டுவந்துவிட்டன. குழுவின் சொல் அவையின் சொல்லாகிவிட்டது. அவையில் சொல்லத் தகாதவற்றை அவையல்கிளவி என்று தொல்காப்பியர் பிரித்தது, கேட்பவர் யார் என்னும் நோக்கினால் ஆகும். புண்படுத்தும் விளையாட்டுச் சொற்களை விலக்கவேண்டும் என்று இந்நாளில் எழுந்துள்ள வழக்கினைத் தமிழாசிரியர் ஆராய்வதற்கு இதுவே தக்க இடம். அதனை மேனாட்டார் கிளப்பிய புதுப்பூசல் என்று தள்ளிவிடுவது எளிது; சரியன்று.

கிரிக்கெட்டின் ஒரு சொல்லை எடுத்துக்கொள்ளலாம். இடக்கையாளர் ஒருவர் மணிக்கட்டைச் சுழற்றி மெதுவாக வீசும் பந்தினை ஆங்கிலேயர் நெடுங்காலம் 'சைனாமேன்' என்றனர். சீனன் என்பது அதன் பொருள். அதுவும் சீனரை மதித்துக் கூறும் சொல்லன்று, புலம்பெயர்ந்து உழைக்கச் சென்ற சீனரை இழித்துக் கூறிப் பழகிப்போன சொல். பந்துக்கும் சீனருக்கும் என்ன உறவு என்றால் ஒரு கதை சொல்வர். 1933-ஆம் ஆண்டில் மான்செஸ்டர் நகரத்து ஓல்ட் டிராஃபோர்ட் திடலில் இங்கிலாந்தும் மேற்கிந்தியத் தீவுகளும் ஆடின. டிரினிடாட்டில் பிறந்த எல்லிஸ் அச்சோங் மேற்கிந்திய அணிக்காகப் பந்து வீசினார். டெஸ்ட் ஆட்டத்தில் இடம்பெற்ற முதற் சீனக் குடிவழியினர் அவரே. அவர் வீசிய பந்து எதிர்பாராத பக்கம் திரும்ப, வால்டர் ராபின்ஸ் என்ற ஆங்கில ஆட்டக்காரர் ஏமாந்து ஆட்டமிழந்தார். போகும்போது, போயும் போயும் ஒரு சீனனிடம் தோற்றேனே என்று வசைச்சொல்லும் சேர்த்து முணுமுணுத்தார் என்பது கதை. அருகில் நின்ற மேற்கிந்தியப் பெருவீரர் லியரி கான்ஸ்டன்டைன், நீர் சொல்வது பந்தையா, வீசியவரையா என்று கேட்டாராம்.

இக்கதை சொன்னபடியே நடந்ததா என்பதில் ஐயமுண்டு. அச்சொல் அதற்கு முன்பே வழங்கியது என்பாரும் உளர். ஆனால் கான்ஸ்டன்டைன் கேட்டதாகக் கூறப்படும் வினாவை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. பந்தையா, ஆளையா? இவ்வினாவுக்கு விடை தெளிவாக இல்லாத சொல் எதுவாயினும் அது குழூஉக்குறியின் காப்பை இழந்துவிடுகிறது. 'டக்' என்று சொல்லும்போது இவ்வினா எழுவதில்லை.

2017 மார்ச்சுத் திங்களில் தர்மசாலாவில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக முதல் டெஸ்ட் ஆடிய குல்தீப் யாதவ், முதல் இன்னிங்சிலேயே 4 விக்கெட்டுகளை வீழ்த்தினார். உலகத்து ஏடுகளெல்லாம் 'சைனாமேன்' என்று முழங்கின. அவ்வேளையில், சீனக் குடிவழி வந்த ஆஸ்திரேலியச் செய்தியாளர் ஆண்ட்ரூ வூ, அச்சொல் தம் போன்றோரைக் குத்துகிறது என்று எழுதினார். 1864 முதல் வெளிவரும் விஸ்டன் ஆண்டுமலர் தன் 2018-ஆம் ஆண்டுப் பதிப்பில் அச்சொல்லைக் கைவிட்டு, இடக்கை மணிக்கட்டுச் சுழல் என்று பொருள்படும் தொடரை ஏற்றுக்கொண்டது. புதுத்தொடர் பழஞ்சொல்லினும் தெளிவானது என்பதையும் காணவேண்டும். எந்தக் கை, கையில் எந்த உறுப்பு, பந்து என்ன செய்கிறது என்ற மூன்றையும் அது சொல்லிவிடுகிறது. பழஞ்சொல்லோ ஒன்றையும் சொல்லவில்லை.

தமிழ் ஏடுகள் செய்தது என்ன? 'சைனாமேன் பந்துவீச்சாளர்' என்று எழுத்துக்கு எழுத்துப் பெயர்த்து அச்சிட்டன. இங்கேதான் குறை கூறவேண்டியிருக்கிறது. மொழிபெயர்த்திருந்தால் கூச்சம் வந்திருக்கும். 'சீனன் பந்து' என்று தலைப்பிட எந்த ஆசிரியருக்கும் கை வராது. ஒலிபெயர்ப்பு அந்தக் கூச்சத்தை மறைத்துக்கொடுத்தது. படிப்பவரும் ஏதோ ஆட்டநுட்பம் போலும் என்று கடந்துவிட்டனர். துணிக்கடைகளுக்குப் பெயர்போன தங்காக்கில், சீனர் கடையில் சட்டைத்துணி கிழிக்கச் சொல்லிவிட்டு நிற்கும் ஒரு தமிழாசிரியர், அச்சொல்லை மலாயில் பெயர்த்துக் கடைக்காரரிடமே சொல்லிப்பார்க்கட்டும். சொல் அவைக்கு ஏற்றதா என்பது அந்த நொடியிலேயே விளங்கிவிடும்.

இனி மறுப்பாளர் கூற்று. சொல்லின் பிறப்பிலே குற்றமில்லை, சொல்பவர் நெஞ்சிலும் வஞ்சமில்லை, பின் ஏன் விலக்கவேண்டும் என்பர். மலேசியத் தமிழர் இதற்கு விடை தேடி வெகுதூரம் போகவேண்டியதில்லை. 'கெலிங்' என்ற சொல்லே போதும்.

அச்சொல் கலிங்கம் என்னும் நாட்டுப்பெயரின் திரிபு என்பது அறிஞர் பலரும் ஒப்பிய முடிபு. கப்பல் கைதிகளின் காற்சங்கிலி ஓசையிலிருந்து வந்தது என்று தோட்டங்களில் சொல்லப்படுவது பிற்காலக் கற்பனை. சங்க இலக்கியத்தில் கலிங்கம் என்பது ஆடையின் பெயருமாகும். பேகன் மயிலுக்கு அளித்த ஆடையைச் சிறுபாணாற்றுப்படை கலிங்கம் என்றே குறிக்கிறது. பழைய மலாய் நூல்களில் 'கெலிங் நாடு' என்பது மதிப்புக்குரிய அயல்நாடு. லேடாங் மலை இளவரசியைப் பெண்கேட்டுச் சென்ற தூதரோடு ஹங் துவாவும் போனதாக மலாய் வரலாற்று நூல் கூறும். அதே ஹங் துவா, தம் பெயரால் வழங்கும் காப்பியத்தில் கெலிங் நாட்டுக்குத் தூது செல்கிறார், அந்நாட்டு மொழியும் பேசுகிறார். மலாக்காவில் கம்போங் கிளிங் பள்ளிவாசலும் பினாங்கில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும் இன்றும் அப்பெயர்களோடே நிற்கின்றன. பிறப்பை மட்டும் பார்த்தால் இதனினும் குற்றமற்ற சொல் கிடைப்பது அரிது.

ஆயினும் 2021-ஆம் ஆண்டில் நடந்தது என்ன? பின்லாந்து நாட்டில் நடந்த சுதிர்மான் கிண்ணப் பூப்பந்துப் போட்டியின் அரையிறுதியில் மலேசியா ஜப்பானிடம் தோற்றது. (தமிழ்நாட்டார் இறகுப்பந்து என்பதையே மலேசியத் தமிழர் பூப்பந்து என்பர், அங்கே பூப்பந்து வேறோர் ஆட்டம்.) சிரம்பானைச் சேர்ந்த கிசோனா செல்வதுரை, உலகத் தரத்து ஆட்டக்காரரான அக்கானே யாமகுச்சியிடம் தோல்வி கண்டார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியில் நாட்டுக்குத் தங்கம் பெற்றுத் தந்தவர் அவர். தோல்விக்குப்பின் அரசியல் கட்சிப் பிரமுகர் ஒருவர் சமூக ஊடகத்தில் அந்தச் சொல்லாலேயே அவரைக் குறித்தார். எந்தத் தோட்டத்திலிருந்து பிடித்துவந்தார்கள் என்றும் கேட்டார். நாடெங்கும் கண்டனம் எழுந்தது. கட்சி வேறுபாடின்றிப் பலரும் கண்டித்தனர். எழுதியவர் மன்னிப்புக் கேட்டார்.

இந்நிகழ்ச்சியில் சொல்லாராய்ச்சிக்குரிய செய்தி இரண்டு உண்டு. பேகனின் ஆடைக்குப் பெயராயிருந்த சொல்லே வசையாயிற்று என்பது ஒன்று. மற்றொன்று இன்னும் நுட்பமானது. 'தோட்டம்' என்பதில் வசைப்பொருள் சிறிதும் இல்லை. தங்காக்கைச் சுற்றியுள்ள இரப்பர்த் தோட்டங்களிலும் செம்பனைத் தோட்டங்களிலும் பிறந்து வளர்ந்தவர் மலேசியத் தமிழரில் எத்தனையோ பேர். தோட்டத் திடல்கள் காற்பந்தாட்டக்காரரையும் ஓட்டக்காரரையும் ஈன்றவை. ஆயினும் அந்த வினாவில் அச்சொல் ஊர் அறியக் கேட்டதன்று. 'நீ இந்தக் களத்துக்கு உரியவள் அல்லள்' என்று சொல்லக் கேட்டது. புண்படுத்துவது எழுத்தோ ஒலியோ அன்று, களத்திலிருந்து ஒருவரை அப்புறப்படுத்தும் அந்த அசைவே. அகராதியைப் புரட்டி இது குற்றமற்ற சொல் என்று காட்டுவோர் இதனைக் காண்பதில்லை.

வஞ்சமில்லாமல் சொன்னது என்ற வாதமும் நெடுநேரம் நிற்காது. மேற்கிந்தியத் தீவுகளின் முன்னாள் தலைவர் டேரன் சமி, இந்தியாவில் ஐ.பி.எல். ஆட்டங்கள் ஆடிய நாளில் தம்மை அணியினர் 'காலூ' என்று அழைத்ததை, வலிமையுள்ளவன் என்று பொருள் போலும் எனக் கருதிக்கொண்டிருந்தார். கறுப்பன் என்பதே பொருள் என்று 2020-ஆம் ஆண்டில் அறிந்தபோது கொதித்தார். அன்பினால் அழைத்தது என்று ஒரு தோழர் விளக்கியபின் அமைதியுற்றார். அன்பே ஆகட்டும், பொருளை மறைத்துக்கொண்டு அழைத்தால்தான் நிலைக்கும் அன்பு எத்தகையது? தமிழர் இதைக் கேட்டு வடநாட்டார் பழக்கம் என்று தலையசைத்துவிடவும் முடியாது. தமிழ்நாட்டு ஆட்டக்காரர் அபினவ் முகுந்த் 2017-லும், ஒருகாலத்தில் இந்தியாவுக்காகச் சுழல்பந்து வீசிய இலட்சுமண் சிவராமகிருஷ்ணன் 2021-லும், தோல்நிறத்தின் பொருட்டுத் தாம் பட்ட ஏளனத்தை வெளிப்படையாக எழுதினர். அவர்களை ஏளனம் செய்தோர் சொந்த நாட்டாரே.

தமிழிலிருந்தே புறப்பட்டு உலக விளையாட்டேடுகளில் குடியேறிய வசையும் ஒன்று உண்டு. விலக்கி வைக்கப்பட்ட நாட்டையோ அணியையோ ஆட்டக்காரரையோ ஆங்கில ஏடுகள் 'பரையா' என்று எழுதுகின்றன. நிறவெறி ஆட்சியின் பொருட்டு 1970-இல் கிரிக்கெட்டிலிருந்து விலக்கப்பட்டு 1991-இல் மீண்ட தென்னாப்பிரிக்காவைப் பற்றி எழுதும்போது இச்சொல் தவறாமல் வந்துவிடும். அச்சொல் பறையர் என்னும் தமிழ்க் குடிப்பெயர். புறநானூற்றின் 335-ஆம் பாட்டு, துடியன், பாணன், கடம்பன் என்பவரோடு சேர்த்து மதிப்புடைய நாற்குடிகளுள் ஒன்றாக எண்ணியது அக்குடியை. மனிதரை நிறத்தால் ஒதுக்கிய ஓர் அரசு தன் கொடுமைக்காக ஒதுக்கப்பட்டபோது, ஒதுக்கியவருக்கு இட்ட பெயர் பன்னூற்றாண்டு ஒதுக்கப்பட்ட மக்களின் பெயர்! குற்றவாளிக்குக் குற்றத்தால் நலிந்தவரின் பெயரைச் சூட்டிய இந்த விந்தையை ஆங்கில ஏடுகள் இன்னும் உணர்ந்ததாகத் தோன்றவில்லை. மலேசியாவில் 'இந்தர்லோக்' என்னும் மலாய் நாவல் பாடநூலானபோது இச்சொல்லின் பொருட்டே பெருங்கிளர்ச்சி எழுந்து, 2011-ஆம் ஆண்டின் இறுதியில் அந்நூல் திரும்பப் பெறப்பட்டது. ஆனால் அதே சொல்லை விளையாட்டுப் பக்கத்தில் நாள்தோறும் படிப்பவர் முகம் சுளிப்பதில்லை. பாடநூலுக்கு ஒரு நீதி, ஆட்டச் செய்திக்கு ஒரு நீதியா?

சொல்லை மாற்றுவது மேனாட்டார் கற்பித்தது என்பார்க்கும் இவ்வரலாற்றிலேயே விடை இருக்கிறது. எம். சி. இராஜா அவர்களின் முயற்சியால், சென்னை மாகாண அரசு தன் ஏடுகளில் அக்குடிப்பெயரையும் பஞ்சமர் என்பதையும் நீக்கி ஆதிதிராவிடர் என்று எழுத ஆணையிட்டது 1922-ஆம் ஆண்டில். விஸ்டன் ஒரு பந்தின் பெயரை மாற்ற 96 ஆண்டுகள் பின்தங்கி வந்தது.

இவ்வளவும் பிறர் குற்றம். தமிழ்த் திடலின் குற்றம் எது என்று நோக்கினால், உடற்குறையைச் சுட்டும் சொற்களே முதலில் நிற்கும். ஏனோதானோவென்று மட்டையை வீசினால் 'குருட்டு அடி'. நடுவர் முறையீட்டுக்குச் செவிசாய்க்காவிடில் 'செவிடன்'. மெதுவாக ஓடினால் 'நொண்டி'. பார்வையற்றோர்க்கான கிரிக்கெட் உலகக்கோப்பையை இந்திய அணி 2014-லும் 2018-லும் வென்றது. ஓசையெழுப்பும் பந்தின் வரவைச் செவியால் அளந்து அவர்கள் அடிக்கும் அடியைக் கண்டவர், பார்வையுள்ளவன் பாராமல் வீசும் வீச்சினைக் குருட்டு அடி என்னார். 'கண்மூடித்தனமான அடி' என்றால் குற்றமும் சரியாகச் சொல்லப்படும், குற்றவாளியும் சரியாகச் சுட்டப்படுவான்.

'மாற்றுத்திறனாளி' என்ற சொல்லைத் தமிழ்நாட்டு அரசு 2010-ஆம் ஆண்டளவில் வழக்கில் கொணர்ந்தபோது, இது வெறும் மங்கலம்தானே என்றவர் உண்டு. கறுப்பாட்டை வெள்ளாடு என்பதும், சுடுகாட்டை நன்காடு என்பதும் மங்கலம். அவற்றில் மறைக்கப்படுவது தீது என்று கருதப்பட்ட ஒன்று. மாற்றுத்திறனாளி என்பவர் அதனை மங்கலமாகக் கருதிச் சொன்னால், ஆளைத் தீதென்றே கருதுகிறார் என்பது பொருள். அப்போது புதுச்சொல்லும் பத்தாண்டில் அழுக்கேறிவிடும். களத்தில் அது மங்கலமன்று, அளந்து கூறியதே ஆகும். சேலம் மாவட்டத்து மாரியப்பன் தங்கவேலு 2016-இல் ரியோ நகரில் 1.89 மீட்டர் உயரம் தாண்டித் தங்கம் பெற்றார். அதனைத் திறன் என்னாமல் வேறென்ன என்பது? மலேசியாவில் 2008-ஆம் ஆண்டுச் சட்டம் பழைய மலாய் இழிசொல்லை நீக்கியது நன்று. ஆனால் அதனிடத்தில் வந்த மலாய்த் தொடரை ஒட்டித் தமிழ் ஏடுகள் எழுதும் 'உடற்பேறு குறைந்தோர்' என்பதில் குறை இன்னும் ஒட்டிக்கொண்டே இருக்கிறது. தோக்கியோ, பாரிஸ் ஆகிய இரண்டு பாராலிம்பிக் போட்டிகளிலும் பூப்பந்தில் தங்கம் வென்ற மலேசியர் சியா லீக் ஹௌவிடம் குறைந்தது எது என்று அவரிடம் தோற்றவர்களைத்தான் கேட்கவேண்டும்.

புதுக்கோட்டை மாவட்டத்துச் சாந்தி சௌந்தரராஜன் 2006-ஆம் ஆண்டு தோகா ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்றார். பின்னர் அப்பதக்கம் பறிக்கப்பட்டது. ஏடுகள் 'பாலினச் சோதனையில் தோல்வி' என்று எழுதின. ஓட்டத்தில் தோற்கலாம், பிறந்த உடம்போடு இருப்பதில் ஒருவர் எவ்வாறு தோற்பார்? விதியின் நன்மை தீமை வேறு வழக்கு. ஆனால் 'தோல்வி' என்ற அந்த ஒரு சொல் அவரை ஊரார் முன் நிறுத்திய நிலையைப் பதக்கம் பறித்தவர்கூடச் செய்யவில்லை.

ஆண்பால் பெண்பால் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. ஆங்கிலத்தில் மட்டையாளரைக் குறித்த சொல் ஆண்மகனையே சுட்டியதால், கிரிக்கெட் விதிகளைக் காக்கும் எம்.சி.சி. 2021-இல் அதனை இருபாற் பொதுச்சொல்லாக மாற்றியது. தமிழில் மட்டையாளர், பந்துவீச்சாளர் என்பவை முன்னரே பொது. ஆனால் 'ஆட்ட நாயகன்' இன்னும் நாயகனாகவே உலவுகிறான். 'சிறந்த ஆட்டக்காரர்' என்றால் தீர்ந்தது. விகுதியில் இன்னொரு செய்தியும் உண்டு. சீனர் என்பதற்கும் சீனன் என்பதற்கும் உள்ள தொலைவு ஓரெழுத்தே. 'மலாய்க்காரர் அணி', 'சீனர் அணி' என்று வகுப்பில் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர், திடலுக்கு வந்ததும் னகர ஒற்றுக்கு மாறிவிடுவது காணக்கூடியதே. சீக்கியரை 'வங்காளி' என்று தலைமுறை தலைமுறையாகத் தவறாக அழைப்பதும் அத்தகையதே. 'கெலிங்' என்ற சொல்லுக்குக் கொதிப்பவர்க்கு இவை கண்ணில் படவேண்டும்.

இவற்றைக் கொண்டு எல்லாப் பழஞ்சொல்லையும் வேரோடு பிடுங்கவேண்டும் என்று கிளம்பினால் அது பேதைமை. சிறுமியர் ஒற்றைக்காலில் தாவும் நொண்டியாட்டத்தை எவரும் மாற்றவேண்டியதில்லை. அங்கே நொண்டுவது ஆட்டத்தின் விதி, ஆளின் பெயரன்று. நொண்டி நாடகம் ஓர் இலக்கிய வகை, நொண்டிச் சிந்து ஒரு யாப்பு, அவை வரலாறு. பள்ளிவாசற் பெயர்களும் அங்ஙனமே. சதுரங்கத்தில் வெள்ளைக்காய் முதலில் நகர்வது நிறவேற்றுமை என்று கருதுவோர் கான்ஸ்டன்டைனின் வினாவைக் கேட்டுக்கொள்ளட்டும். காயையா, ஆளையா? காயையே என்பது ஐயமற விளங்குவதால் அங்கே வழக்கில்லை.

பெயர் மாற்றினால் ஆட்டம் கெடும் என்ற அச்சத்திற்கும் இடமில்லை. இன்று தங்காக் பள்ளிகளிலும் ஆடப்படும் செப்பாக் தக்ராவ் ஒருகாலத்தில் மலாயாவில் ஒரு பெயராலும் தாய்லாந்தில் வேறொரு பெயராலும் வழங்கியது. 1965-இல் கோலாலம்பூரில் தென்கிழக்காசியத் தீபகற்ப விளையாட்டுப் போட்டி நடந்தபோது, மலாய்ச் சொல் ஒன்றையும் தாய்லாந்துச் சொல் ஒன்றையும் இணைத்து இப்பெயரை உண்டாக்கினர். அதனால் பந்து உருளாமல் நின்றுவிடவில்லை.

எஞ்சியது நீளம் பற்றிய முறையீடு. 'சைனாமேன்' ஒரு சொல், 'இடக்கை மணிக்கட்டுச் சுழல்' மூன்று சொல்லாயிற்றே என்று வருணனையாளர் தயங்கலாம். சுழல்பந்து வீச்சில் ஒரு பந்துக்கும் அடுத்த பந்துக்கும் இடையே உள்ள நேரம் இதைப் பலமுறை சொல்லப் போதுமானது. சுருக்கம் வேண்டுமெனின் 'இடமணிச் சுழல்' என்று ஆளலாம். மணி என்றதும் கோயில் மணியோ என்று மாணவர் மயங்குவர் எனத் தோன்றினால், தங்காக்கிலோ வேறெங்கோ உள்ள ஓர் ஆசிரியர் இதனினும் செவ்விய சொல்லொன்றை ஆக்கித் தரட்டும்.